‘3 எச்.பி.’ ஸ்டிக்கரை நம்பி வாங்கிய ஏர் கம்ப்ரஸர்

பாரிமுனையில் ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) சென்ற கோடையில் நான் வாங்கிய ஏர் கம்ப்ரஸர், நங்கநல்லூரில் எங்கள் வீட்டு கார் ஷெட்டில் பதினொரு நாள்தான் உழைத்தது. டாங்கின் மேல் ‘3 எச்.பி.’ (குதிரைத்திறன், மோட்டாரின் வலு) என்று கொட்டை எழுத்தில் ஸ்டிக்கர் இருந்தது. டயருக்குக் காற்றடிக்கவும், சக்கர நட்டுகளைக் கழற்றும் இம்பாக்ட் கன்னை ஓட்டவும் வேண்டும் என்று சொன்னதற்கு, “தாராளமாப் போதும் சார், சாதா பிளக்லயே ஓடும்” என்றார் கடைக்காரர்.

அந்தப் பதிலிலேயே நான் விழித்திருக்க வேண்டும். 1 எச்.பி. என்பது 746 வாட். அப்படியானால் மெய்யான 3 எச்.பி. மோட்டார், இழப்பையெல்லாம் தள்ளிவிட்டுப் பார்த்தாலும், 230 வோல்ட்டில் ஏறக்குறைய 10 ஆம்பியர் இழுக்கும். சாதா பிளக் என்பது 6 ஆம்பியர் பிளக், அதில் அதை ஓட்டக் கூடாது. மோட்டாரின் பின்பக்கம், விசிறி மூடிக்குக் கீழே ஒட்டியிருந்த சிறு தகட்டை வீட்டுக்கு வந்த பிறகே படித்தேன்: 230 வோல்ட், 6.5 ஆம்பியர். பெருக்கினால் அதிகபட்சம் 1,495 வாட், இழப்பைக் கழித்தால் அது 2 எச்.பி.யைக்கூட எட்டாது. வாங்குகிறவர்கள் ஸ்டிக்கரை விட்டுவிட்டு இந்தத் தகட்டைக் கடையிலேயே குனிந்து படித்துவிடுங்கள். காற்றின் அளவிலும் இதே கதைதான்: பிஸ்டன் உறிஞ்சும் அளவை அட்டையில் அச்சிட்டிருந்தார்கள், வெளியே வருவதோ அதைவிடக் குறைவு. கன் நாலு தட்டுத் தட்டிவிட்டு ஓய்ந்தது, நட்டு அசையவில்லை.

என் தவறும் உண்டு. 15 மீட்டர் நீள எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டி ஓட்டினேன். அதன் வயர் வெறும் 0.75 சதுர மில்லிமீட்டர். கிளம்பும் கணத்தில் மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுக்கும்; 40 ஆம்பியர் என்று வைத்தாலே அந்த வயரில் ஏறத்தாழ 30 வோல்ட் விழுந்துவிடும். மாலையில் எங்கள் தெருவில் வோல்டேஜ் ஏற்கெனவே குறைவு. மோட்டார் சுற்றாமல் முனகியது. நான் ஓடி வந்து அணைப்பதற்குள் காயில் கருகிய வாசனை வந்தது, பிளக்கின் உலோக முனை பழுப்பேறியிருந்தது.

“லோ வோல்டேஜ்ல எரிஞ்சா வாரண்டி கிடையாது” என்று கடையில் கைவிரித்தார்கள். ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட துண்டுச்சீட்டை வாங்கிக்கொண்டு ஜி.எஸ்.டி. பில்லைக் கேட்காமல் விட்டது அப்போதுதான் உறைத்தது. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பேசியபோது முதலில் பில் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள்.

காயில் கட்டுபவர் மோட்டாரைப் பிரித்ததும் என்னை அழைத்துக் காட்டினார். உள்ளே இருந்தது அலுமினியக் கம்பி. செம்பில் கட்டச் சொன்னேன். எலக்ட்ரீஷியன் மெயின் போர்டிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் தனி லைன் இழுத்து, 16 ஆம்பியர் சாக்கெட்டும், எர்த்தும், எம்.சி.பி.யும் (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) வைத்துக் கொடுத்தார். இப்போது டயருக்குக் காற்றடிக்க மட்டும் அது ஓடுகிறது. நட்டுகளைப் பழைய வீல் ஸ்பானரால்தான் கழற்றுகிறேன்.