கோடைக்கால நகைத்தொழில் வகுப்பு: ஒரு மதிப்புரை

பதின்ம வயதினருக்கான இந்தக் கோடைக்கால வகுப்பில் என் மகளைச் சேர்த்தபோது, மணி கோப்பதோடு நிறுத்திவிடுவார்களோ என்ற ஐயம் எனக்கு இருந்தது. ஆனால் செம்புத் தகட்டை அறுக்கவும் அரத்தால் ராவவும் நன்கு பழக்கிய பிறகே 92.5 விழுக்காட்டு வெள்ளியைக் கையில் கொடுத்தார்கள்.

உலோக முனைகளைச் சூட்டால் இணைக்கும் பற்றவைப்பைக் கற்பித்த விதம் குறிப்பிடத்தக்கது. மோதிரத்தின் இரு முனைகளும் இடைவெளியின்றிப் பொருந்தியிருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பார்த்து, பற்றாசு நன்கு ஓட உதவும் வெண்காரம் தடவி, பற்றாசு (முனைகளை இணைக்க உருக்கும் உலோகக் கலவை) வைத்த பின், தீச்சுடரை அதன்மீதே நிறுத்தாமல் மோதிரம் முழுவதையும் சீராகச் சூடேற்றச் செய்தார்கள். உருகிய பற்றாசு சூடு மிகுந்த பக்கம் நோக்கியே ஓடும் என்பதை மகள் கண்கூடாகக் கண்டாள். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். விரித்த கூந்தலுக்கு அனுமதியில்லை.

கல் பதிக்கும் பாடம் மட்டும் அவசர கதியில் முடிந்தது. சேர்க்கையைக் கூட்டுவதற்கு முன் தீச்சுடர் தரும் ஊதுவிளக்குகளின் எண்ணிக்கையைக் கூட்டியிருந்தால், பிள்ளைகள் வரிசையில் நின்றிருக்க வேண்டியதில்லை.