குடியாத்தம் பக்கம் ஒரு மரச்செக்குக் கடை

மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெய் லிட்டர் 290 ரூபாய். பாக்கெட் எண்ணெயைவிட அதிகம்தான். ஆனால் ஒரு லிட்டருக்குக் கிட்டத்தட்ட இரண்டரை கிலோ பருப்பு போகிறது. புண்ணாக்கு விற்ற காசைக் கழித்துப் பார்த்தாலும் கடை நடத்துகிறவர்கள் கையில் பெரிதாக ஒன்றும் நிற்காது. பூரி சுட்டால் தெருமுனை வரை வாசம். பாட்டில் அடியில் கொஞ்சம் கசடு இருக்கும், பயப்படாதீர்கள்.

கடைக்கு முதலாளி கிடையாது. 12 பெண்கள் சேர்ந்த சுயஉதவிக் குழு. இந்த வாரம் செக்கில் நிற்பவர் அடுத்த வாரம் கல்லாவில் இருப்பார். குழுவுக்குள்ளேயே உறுப்பினர்கள் வாங்கும் உள்கடனுக்கு நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி. அந்த வட்டியும் குழுவுக்கே திரும்பி வருகிறது. வாசலுக்கு வந்து கத்தும் வாரவசூல்காரனுக்குப் போவதில்லை. செவ்வாய் மதியம் குழுக் கூட்டம், கடை பூட்டு. போர்டு எதுவும் மாட்டுவதில்லை, இரண்டு முறை வெயிலில் திரும்பி வந்தேன்.

குறை என்றால் மூடிதான். வேலூர் பஸ்ஸில் பை முழுக்க எண்ணெய். கோபமாகப் போய்க் கேட்டதற்கு, "கூட்டத்துல பேசிட்டுத்தான்ண்ணா சொல்ல முடியும்" என்றார் கல்லாவில் இருந்த அக்கா. முதலாளி கடையாக இருந்தால் அங்கேயே வேறு எண்ணெய் கொடுத்திருப்பார், இல்லை விரட்டியிருப்பார். ஒரு மூடிக்குக் கூட்டமா! அடுத்த வாரம் தீர்மான நோட்டைத் திருப்பிக் காட்டினார். மூடி மாற்றுவது, அந்த அண்ணாவுக்கு அரை லிட்டர் கொடுப்பது. கீழே 11 கையெழுத்து, ஒரு கைநாட்டு. இப்போது மூடி ஒழுகுவதில்லை.

நான் தறிக்கார வீட்டுப் பிள்ளை. அப்பா நெசவாளர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் என்பதால் ராச்டேல் கதை வீட்டில் பழக்கம். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் நெசவாளர்களும் மற்ற தொழிலாளர்களுமாக 28 பேர் ஆளுக்கு ஒரு பவுண்டு பணம் போட்டு, கலப்படமில்லாத மாவும் வெண்ணெயும் விற்கக் கடை திறந்தார்கள். வாங்கிய அளவுக்கு ஏற்ப, வாங்கிய உறுப்பினருக்கே லாபத்தில் பங்கு. இங்கே லாபம் 12 பேருக்கு மட்டும்தான், மாதம் மூன்று லிட்டர் வாங்கும் எனக்கு ஒன்றுமில்லை. வாங்குகிறவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்களேன் என்று கேட்டேன்.

"லாபத்துல பங்கு கேக்கறீங்க, சரி. போன வருசம் பருப்பு விலை ஏறினப்ப நாங்க மூணு மாசம் கூலி எடுக்கல. அதுலயும் பங்குக்கு வருவீங்களா?" என்றார் கல்லாவில் இருந்த அக்கா.

500 ரூபாய் போடுகிறேன், வந்தால் வரட்டும், போனால் போகட்டும் என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை பேசுவார்களாம்.