கயிற்று மீனுக்கு மண்புழுவா, உறைந்த இரத்தப்புழுவா?

நைஜீரியா, கேமரூன் பகுதிச் சதுப்பு நீரில் வாழும், வீட்டுத் தொட்டியிலும் வளர்க்கப்படும், பாம்புபோல் நீண்ட கயிற்று மீனுக்குப் (ropefish) பார்வை மங்கல். இரையை மோப்பம் பிடித்தே தேடும். அங்கேதான் மண்புழு முந்துகிறது: நெளிகிறது, மணக்கிறது, வயிற்றையும் நிரப்புகிறது. பூச்சிமருந்து படாத மண்ணில் எடுத்து, கழுவி, நறுக்கிப் போட வேண்டும், அருவருப்புக்காரர்களுக்கு ஆகாது.

உறைந்த இரத்தப்புழு (கொசு போன்ற பூச்சியின் சிவப்பு இளம்புழு) கடையில் கட்டியாகக் கிடைக்கிறது, கையில் மண் ஒட்டாது. ஆனால் கயிற்று மீன் நிதானமாக ஊர்ந்து வந்து சேர்வதற்குள் மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். குட்டிக்குச் சரி; 30 சென்டிமீட்டர் வளர்ந்ததற்கு அது வெறும் கொறிப்பு. நான் மண்புழுப் பக்கம்.

எதுவானாலும் விளக்கை அணைத்த பிறகு போடுங்கள். தொட்டி மூடியில் இடுக்கே கூடாது. காற்றையும் சுவாசிக்கும் இந்த மீன் நழுவி வெளியேறுவதில் கெட்டிக்காரன்.