6 வோல்ட் சாமானும் 12 வோல்ட் ஜீப்பும்: ரெசிஸ்டரா, கன்வெர்ட்டரா?

இரண்டாம் உலகப் போர்க் காலத்து வில்லிஸ் ஜீப் 6 வோல்ட் வண்டி. என்னிடம் இருப்பதை முன்பு வைத்திருந்தவரே 12 வோல்ட்டுக்கு மாற்றிவிட்டார். பேச்சிப்பாறைப் பக்கம் ராத்திரி மழையில் 6 வோல்ட் ஹெட்லைட்டோடு போய்ப் பார்த்தவர்கள் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள். பல்புகளுக்கு 12 வோல்ட்டில் வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது. மாற்றுக் கிடைக்காதவை மூன்று: டாஷ்போர்டில் யாரோ பூட்டிய குட்டி ஃபேன், வால்வு ரேடியோ, பெட்ரோல் மீட்டர்.

"ரெண்டு 6 வோல்ட் பேட்டரியச் சேத்து வச்சு, நடுவுல ஒரு வயர் இழுத்துரலாம் அண்ணே" என்றார் தக்கலையில் ஒரு எலக்ட்ரீஷியன். செலவு குறைவுதான். ஆனால் 6 வோல்ட் சாமான்களுக்குக் கரண்ட் கொடுக்கும் கீழ் பேட்டரி மட்டும் கூடுதலாக இறங்கும். சார்ஜ் ஏறும்போதோ இரண்டுக்குள்ளும் ஓடுவது ஒரே கரண்ட். மேலே உள்ளது நிரம்பிக் கொதிக்கும், கீழே உள்ளது அரைவயிற்றோடு கிடக்கும். இதை விட்டுவிடலாம்.

அப்புறம் மிஞ்சுவது, கூடுதல் வோல்ட்டைச் சூடாக்கிக் கழிக்கும் பீங்கான் ரெசிஸ்டரும், கரண்டை வேகவேகமாக வெட்டி விட்டு வோல்ட்டைக் குறைக்கும் பக் கன்வெர்ட்டர் போர்டும்தான். இன்ஜின் ஓடும்போது 12 வோல்ட் வண்டியில் இருப்பது சுமார் 14. பழைய 6 வோல்ட் வண்டியில் அது 7 சொச்சம். ஆக, 7 வோல்ட்டைக் குறைக்க வேண்டும்.

ஃபேனுக்கு ரெசிஸ்டர், ரேடியோவுக்கு கன்வெர்ட்டர் என்பதுதான் பலரும் செய்வது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், இப்போது தலைகீழாக வைத்திருக்கிறேன். ஃபேன் ஓடும்போது 2 ஆம்பியர் எடுக்கிறது. 7ஐ 2ஆல் வகுத்து 3.5 ஓம் போட்டேன். சூடு 14 வாட், அது பரவாயில்லை. ஆனால் மோட்டார் கிளம்பும் நொடியில் பல மடங்கு கரண்ட் கேட்கும். அந்த நேரம் பார்த்து ரெசிஸ்டர் இன்னும் அதிக வோல்ட்டை விழுங்கிவிடும். சுவிட்ச் போட்டால் ஃபேன் முனகும், சுற்றாது. விரலால் தள்ளிவிட வேண்டும்! 8 ஆம்பியர் கன்வெர்ட்டரை மாட்டியதும் அந்தத் தொல்லை போயிற்று.

ரேடியோ வேறு மாதிரி. வால்வுகளுக்கு உயர் வோல்ட் உண்டாக்க உதவும் வைப்ரேட்டர் ஓடத் தொடங்கிய பிறகு ஏறக்குறைய 7 ஆம்பியரில் நின்றுவிடுகிறது. 1 ஓம் ரெசிஸ்டர் சரியாக இருக்கும். 50 வாட் சூடு வரும். அதனால் 100 வாட் ரெசிஸ்டரை இரும்புத் தகட்டில் இறுக்கி, பழைய துணி வயரை விட்டுத் தள்ளி வைத்தேன். வால்வின் இழை குளிர்ந்திருக்கும்போது கரண்டைக் கூட இழுக்கும், ரெசிஸ்டர் அதைத் தடுத்து மெதுவாகச் சூடேற விடும். வால்வுக்கும் நல்லது. கன்வெர்ட்டரின் தலைவலி இரைச்சல். இந்த போர்டுகளில் பல 150, 180 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்பவை. 180இன் மடங்குகள் 540, 720, 900 என்று மீடியம் வேவுக்குள்ளேயே விழும். திருநெல்வேலி நிலையத்தைத் தேடினால் கொசுதான் பாடும். தகரப் பெட்டிக்குள் அடைத்தால் குறையும், முழுதாகப் போகாது. இப்போதும் ஃபேனைப் போட்டால் ரேடியோ கரகரக்கும். பாட்டு வேண்டுமென்றால் கொஞ்சம் வியர்க்க வேண்டியதுதான்.

உப்புக்காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். குளச்சல், முட்டம் பக்கம் வண்டி நிறுத்துகிறவர்கள் திறந்த போர்டை வாங்கினால் சீக்கிரமே செம்பில் பச்சை பூத்துவிடும். ரெசின் ஊற்றி மூடியது கிடைத்தால் அதையே வாங்குங்கள். பீங்கானுக்கு அந்தக் கவலை இல்லை, முனைகளைத் துடைத்தால் போதும். எதைப் போட்டாலும் ஃபியூஸ் அதற்கு முன்னால் இருக்கட்டும்.

பெட்ரோல் மீட்டருக்கு இரண்டும் வேண்டாம். டேங்கில் மிதவை இறங்க இறங்க கரண்ட் மாறும், ரெசிஸ்டர் போட்டால் முள் பொய் சொல்லும். 7806 என்ற மூன்று கால் ஐ.சி. 1 ஆம்பியர் வரை நிலையாக 6 வோல்ட் தரும், மீட்டருக்கு அது தாராளம்.

பழைய 6 வோல்ட் ஹாரனை மட்டும் அப்படியே 12 வோல்ட்டில் விட்டிருக்கிறேன். ஒரு நொடி அடித்தால் தாங்குகிறது. திங்கள்சந்தை நெரிசலில் அதற்கு மேல் அடிக்கத் தேவைப்படுவதும் இல்லை.