ஆறு படிகள், மூன்று இடங்கள்: ஆய்வேட்டு அச்சுச் செலவு ஓர் ஒப்பீடு

முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதி முடித்தவர் கடையில் முதலில் கேட்பது பெரும்பாலும் "பைண்டிங் எவ்வளவு?" என்பதுதான். என் அனுபவத்தில் கையைக் கடித்தவை வேறு இரண்டு: ஒன்று, கணக்கில் வராமல் நுழைந்த வண்ணப் பக்கங்கள், மற்றொன்று, வாய்மொழித் தேர்வுக்கு முன்பே அவசரப்பட்டுப் போட்ட கெட்டி அட்டை. ஒப்பிட வசதியாக 250 பக்க ஆய்வேடு, 6 படிகள், ஆக 1500 பக்கங்கள் என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் விலைகள் மதுரையில் நான் கொடுத்தவையும் விசாரித்து அறிந்தவையும் ஆகும்; ஊருக்கு ஊர் சற்று ஏறும், இறங்கும்.

வீட்டிலேயே சிறிய லேசர் அச்சுப்பொறி இருப்பவருக்கு அதில் அடித்துவிடலாமே என்ற எண்ணம் வருவது இயல்பு. பரவலாகப் பயன்படும் எச்பி 88ஏ டோனர் (மைத்தூள் உறை), பக்கத்தில் 5 சதவீதப் பரப்பில் மை விழும் என்ற கணக்கில், ஏறத்தாழ 1500 பக்கங்களுக்கு வரும். அதாவது ஆறு படிகளும் ஒரு டோனரின் ஆயுளை முழுதாகக் குடித்துவிடும். கடைசிப் படியின் எழுத்துகள் வெளிறத் தொடங்கும் ஆபத்தும் உண்டு. மைத்தொட்டி உள்ள இங்க்ஜெட் பொறியில் பக்கச் செலவு குறைவு என்றாலும், சாய மையில் அடித்த பக்கத்தில் ஈர விரல் பட்டால் எழுத்து கரையும். நூலகத்தில் பல ஆண்டுகள் இருக்க வேண்டிய ஏட்டுக்கு அது ஒத்துவராது. மெய்ப்புப் பார்க்கும் ஒரு படியை மட்டும் வீட்டில் அடித்துக்கொள்வது நல்லது.

கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளைப் பக்கத்துக்கு 1 ரூபாய் 50 காசு, வண்ணப் பக்கத்துக்கு 10 ரூபாய் கேட்டார்கள். பெரிய உற்பத்திப் பொறி வைத்திருக்கும் டிஜிட்டல் அச்சகத்தில் கறுப்புப் பக்கத்துக்கு 2 ரூபாய் 50 காசு. வண்ணத்துக்கு அதே 10 ரூபாய். அச்சகத்தில் முதல் படியும் ஆறாம் படியும் ஒரே அடர்த்தியில் இருக்கும், இருபுறமும் அடித்தாலும் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும். நிழற்படங்களும் நுண்ணோக்கிப் படங்களும் நிறைந்த அறிவியல் ஆய்வேட்டுக்கு அந்தக் கூடுதல் ஒரு ரூபாய் தகும். எழுத்தும் அட்டவணையும் மட்டுமே உள்ள இலக்கிய ஆய்வேட்டுக்கு ஜெராக்ஸ் கடையே போதும் என்பது என் முடிவு. தகடு செய்து அடிக்கும் சிவகாசி ஆஃப்செட் அச்சைப் பற்றிச் சிலர் கேட்பார்கள். தகடு செய்யும் செலவு ஆயிரம் படிகளில் பரவினால்தான் கட்டுப்படியாகும், ஆறு படிகளுக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

எந்தக் கடைக்குப் போனாலும் வண்ணப் பக்கங்களை எண்ணாமல் கோப்பைக் கொடுக்கக் கூடாது. என் ஏட்டில் 30 பக்கங்கள் வண்ணம் என்று பொறி கணக்குக் காட்டியது. திறந்து பார்த்தால் உண்மையான வரைபடங்கள் 12 பக்கங்களில்தான் இருந்தன. மீதி 18 பக்கங்களில் அடிக்குறிப்பிலும் நூற்பட்டியலிலும் இணைய முகவரிகள் தாமாகவே நீல நிறமாகிக் கிடந்தன. ஒரே ஒரு நீல வரி இருந்தாலும் அந்தப் பக்கம் 10 ரூபாய்தான். நீலத்தைக் கறுப்பாக்கியதும் ஆறு படிகளின் அச்சுச் செலவு 3780 ரூபாயிலிருந்து 2862 ரூபாயாக இறங்கியது. தமிழில் எழுதுவோருக்கு இன்னொரு எச்சரிக்கை: பழைய எழுத்துருக்களில் தட்டிய வேர்டு கோப்பை அப்படியே கொண்டுபோனால், அந்த எழுத்துரு இல்லாத கடைக் கணினியில் ஏடு முழுவதும் புரியாத குறிகளாக விரியும். எழுத்துருவை உள்ளே பொதிந்த பிடிஎஃப் ஆக்கிக்கொண்டு போவதே முறை.

பைண்டிங்கில் சுருள் கம்பி, ஒட்டுப் பைண்டிங், கெட்டி அட்டை என்று மூன்று வகை உண்டு. சுருளைக் கழற்றி ஒரு பக்கத்தை மட்டும் மாற்றலாம் என்பதால் நெறியாளர் பார்வைக்கு அதுவே சிறந்தது. சூடான பசையில் ஒட்டும் மெல்லட்டைப் பைண்டிங்குக்கு 80 ரூபாய். பசை காய்ந்து இறுகியபின் நடுவில் அழுத்தி விரித்தால் தாள் கையோடு வந்துவிடும். ரெக்சின் போர்த்திப் பொன்னெழுத்து பதித்த கெட்டி அட்டைக்கு 300 ரூபாய். தனித்தனி ஏ4 தாள்களை மடித்துத் தைக்க முடியாது என்பதால், பைண்டர் இடது ஓரத்தில் துளையிட்டுப் பக்கவாட்டில் நூல் கோத்துத் தைக்கிறார். இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் விடச் சொல்வது இதற்காகத்தான். விடாதவர்களின் ஏட்டில் வரியின் முதல் எழுத்துகள் தையலுக்குள் போய்விடும்.

நான் செய்த பிழை, மதிப்பீட்டுக்கு அனுப்பும்போதே ஆறு படிகளுக்கும் கெட்டி அட்டை போட்டது. 1800 ரூபாய் ஆயிற்று. வாய்மொழித் தேர்வில் இரண்டு அட்டவணைகளைத் திருத்தச் சொன்னார்கள். திருத்திய 3 படிகளுக்கு மீண்டும் 900 ரூபாய். முதலில் ஒட்டுப் பைண்டிங் போட்டிருந்தால் 480, பிறகு 900, ஆக 1380 ரூபாயில் முடிந்திருக்கும். மதிப்பீட்டுக்கே கெட்டி அட்டை கேட்கும் பல்கலைக்கழகங்களும் உள்ளன. அங்கே வேறு வழியில்லை. மற்றபடி, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பின் மின்படி, இந்திய ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்துக்குப் போகிறது, படிப்பவர்களில் பெரும்பாலோர் அங்கேதான் படிக்கிறார்கள். அச்சுப்படியைப் பல்கலைக்கழகம் கேட்கும் எண்ணிக்கைக்கு மேல் ஒன்றுகூட அடிக்க வேண்டியதில்லை.

தாளில் 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) போதும். 250 தாள்கள் ஒன்றேகால் கிலோ, முதுகு ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர். பெயரும் ஆண்டும் அதில் தாராளமாக நிற்கும். விதி அனுமதித்து இருபுறமும் அடித்தால் முதுகு பாதியாகும், அப்போது பொன்னெழுத்தின் அளவைப் பைண்டரிடம் முன்பே குறைக்கச் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சமர்ப்பிப்பவர்கள் அவருக்கு மூன்று நாளாவது கூடுதலாகக் கொடுக்க வேண்டும். மைதாப் பசை மழையில் எளிதில் காயாது, ஈரம் போகுமுன் அழுத்தத்திலிருந்து எடுத்த அட்டை அப்பளம்போல் வளைந்துவிடும்.