ஃபோனிக்ஸ் கிட் ரிவ்யூ: புத்தகத்துக்காக வாங்கலாம், ஆப்பை தொடாதீங்க

முதல்லயே சொல்லிடறேன், இந்த கிட்டுல காசுக்கு தகுதியான விஷயம் அந்த சின்னச் சின்ன கதைப் புத்தகங்கதான். மிச்சம் இருக்கற கார்டு, ஆப், ஒர்க்‌ஷீட் எல்லாம் சிலது பரவால்ல, சிலது கெடுதலே பண்ணும். ஒண்ணாம் வகுப்புக்கு ஃபோனிக்ஸ் முறையில, அதாவது எழுத்தோட பேரை விட்டுட்டு அதோட சவுண்டை வெச்சு, இங்கிலீஷ் படிக்கச் சொல்லித் தர்றதுக்காக வாங்கினது, வருஷம் முழுக்க கிளாஸ்ல போட்டுப் பாத்துட்டுதான் எழுதறேன். கம்பெனி பேரு வேணாம், ஏன்னா கடையில இருக்கற பாதி கிட்டுல இதே குறைங்கதான் இருக்கு, நீங்க எதை வாங்கறதா இருந்தாலும் கீழ சொல்றதை பிரிச்சுப் பாத்துட்டு வாங்குங்க.

நல்லதுல இருந்து ஆரம்பிக்கறேன். எழுத்தை ஏ, பி, சி, டின்னு வரிசையா எடுக்காம எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n)னு எடுக்கறாங்க. இது இவங்க கண்டுபிடிச்சது இல்ல, நல்ல ஃபோனிக்ஸ் புரோகிராம் பலதும் கிட்டத்தட்ட இப்படித்தான் போகும், காரணம் ரொம்ப சிம்பிள், இந்த ஆறு சவுண்டு தெரிஞ்சாலே ஸிட், பின், டின், டிப், நிப், டேப், பேன்னு குழந்தை உடனே வார்த்தை படிக்க ஆரம்பிச்சிடும். இருபத்தாறு எழுத்தும் முடியட்டும் அப்புறம் வார்த்தை பாக்கலாம்னு உக்காந்தா அதுக்குள்ள பாதி கிளாஸுக்கு ஆர்வமே போயிடும்.

புத்தகங்க டீகோடபிள் டைப். அதாவது அதுவரைக்கும் சொல்லிக் கொடுத்த சவுண்டுங்க மட்டும்தான் அந்தப் புத்தகத்துல வரும், கூட ரெண்டு மூணு ட்ரிக்கி வேர்ட்ஸ், அதாவது எழுத்து ஒண்ணு சவுண்டு ஒண்ணுன்னு இருக்கற வார்த்தைங்க. இதை அவங்க ஒழுங்கா மெயின்டெயின் பண்ணிருக்காங்க, நான் ஒவ்வொரு புத்தகமா உக்காந்து செக் பண்ணேன், சொல்லித் தராத எழுத்து எங்கயும் நுழையல. கதைன்னு பெருசா ஒண்ணும் கிடையாது, ஒரு டின் உருண்டு போகுது, ஒருத்தன் அது மேல உக்காருறான், அவ்ளோதான். ஆனா தானா ஒரு புத்தகம் முழுசா படிச்சுட்டேன்னு அந்தக் குழந்தைக்கு வர்ற கெத்து இருக்கே, அதுக்கு முன்னாடி கதை எப்படி இருந்தா என்ன.

முதல் லெவல்ல இன்னொண்ணு ரொம்ப பிடிச்சது, எழுத்து ஒரு பக்கம், படம் அடுத்த பக்கம். படிச்சுட்டு திருப்பினாத்தான் படம் தெரியும். மூணாவது லெவல்ல என்ன ஆச்சோ தெரியல, படத்தை தூக்கி வார்த்தைக்கு மேலயே வெச்சுட்டாங்க. விளைவு என்னன்னா, ஒரு பையன் நாய்க்குட்டி படத்தைப் பாத்தான், கீழ பி, யு, பின்னு பப்னு போட்டிருக்கு, அவன் எழுத்து பக்கமே கண்ணைக் கொண்டு போகாம "டாக்"னான். அர்த்தம் சரிதானேன்னு விட்டுட முடியாது, அவன் படிக்கல, ஊகிச்சான். இந்தப் பழக்கம் ஒட்டிக்கிச்சுன்னா படமே இல்லாத பெரிய புத்தகத்துக்கு வரும்போது மாட்டிப்பாங்க. படத்தைப் பாரு, முதல் எழுத்தைப் பாரு, என்னவா இருக்கும்னு யோசின்னு சொல்ற முறை ரொம்ப காலமா பல ஊர்ல இருந்துச்சு, இப்ப கொஞ்சம் கொஞ்சமா கைவிட்டுட்டு வர்றாங்க. இப்ப அந்த லெவல் புத்தகத்துல படத்து மேல எல்லாம் நானே ஸ்டிக்கி நோட் ஒட்டி வெச்சிருக்கேன், படிச்சு முடிச்சா பிரிச்சுப் பாக்கலாம்னு டீல்.

இனி கார்டு. எக்ஸ் எழுத்துக்கு ஸைலஃபோன் படம்! அதுல எக்ஸோட சவுண்டே வராதுங்க, ஆரம்பமே z சவுண்டுதான் கேக்கும். பாக்ஸ், ஃபாக்ஸ்னு கடைசில வர்ற வார்த்தை போட்டிருக்கணும். 'இ' சவுண்டுக்கான கார்டுல ஐலண்ட், ஜி-க்கு ஜிராஃப். எல்லாமே எழுத்து பேரை வெச்சு டிசைன் பண்ணதே தவிர சவுண்டை யாரும் வாய்விட்டு சொல்லிப் பாத்த மாதிரி தெரியல. இன்க், இன்செக்ட், கோட் (goat, ஆடு)னு மாத்தி வரைஞ்சு ஒட்டிக்கிட்டேன்.

ஆப் அதைவிட மோசம். எஸ்-க்கு 'ஸ', டி-க்கு 'ட', பி-க்கு 'ப'ன்னு ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு 'அ' சேத்து உச்சரிக்குது. ஸ-இ-டன்னு சொல்ற குழந்தை எப்படி ஸிட்னு சேத்துப் படிக்கும்? நமக்கு புள்ளி வெச்ச மெய்யெழுத்து இருக்கறதால இதை விளக்கறது ரொம்ப ஈஸி, 'ஸ்-இ-ட்', 'ப்-இ-ன்', புள்ளிய விடாதன்னா தமிழ் தெரிஞ்ச குழந்தைங்க உடனே பிடிச்சுக்கறாங்க. ஆப்பை வீட்ல போட்டுக் காட்ட வேணாம்னு பேரண்ட்ஸ் குரூப்ல மெசேஜே போட்டுட்டேன்.

கிட்டுல இருக்கற மேக்னட் எழுத்தும் போர்டும் எதிர்பாக்காம வந்த லாபம். போர்டுல மூணு கட்டம் போட்டு ஷிப்னு சொல்லி, கேக்கற சவுண்டுக்கு ஒரு கட்டம்னு வெக்கச் சொன்னா, முதல் கட்டத்துல எஸ், எச் ரெண்டையும் சேத்து நெருக்கி வெக்கணும். ஒரு பொண்ணு நாலு எழுத்தையும் கையில வெச்சுக்கிட்டு மூணு கட்டத்தையே மொறைச்சுப் பாத்துட்டிருந்தா, வாயில 'ஷ்... இ... ப்'னு முணுமுணுத்தா, டக்குனு ரெண்டு எழுத்தையும் ஒரே கட்டத்துக்குள்ள தள்ளினா. எழுத்து 26, சவுண்டு சுமாரா 44, அதனால ரெண்டு எழுத்து சேந்து ஒரு சவுண்டு கொடுக்கும்னு நான் எவ்ளோ பேசினாலும் இந்த அளவுக்கு ஏறாது. மேக்னட் பெயிண்ட் மட்டும் உரியுது.

ஒர்க்‌ஷீட் பாதிக்கு மேல கலரிங், அதை சாயந்திரம் வெட்டியா இருக்கறப்ப கொடுங்க.

டீச்சர் கைடுல ரெண்டு ஓட்டை. ட்ரிக்கி வேர்ட்ஸை பாத்துப் பாத்து மனப்பாடம் பண்ண வைன்னு போட்டிருக்கு. தேவையே இல்ல. செட்னு படிக்கற அந்த 'சொன்னான்' வார்த்தையில (said) எஸ்-ஸும் டி-யும் ஒழுங்காத்தான் ஒலிக்குது, நடுவுல இருக்கற ஏ, ஐ மட்டும்தான் வம்பு. அந்த ஒரு இடத்தை மட்டும் கலர் பண்ணிக் காட்டினா போதும், முழு வார்த்தையையும் படம் மாதிரி மனசுல வெச்சுக்க வேணாம்.

ரெண்டாவது, குழந்தை நிஜமாவே எழுத்தைப் படிக்குதா இல்ல பாத்துப் பழகிப்போன வார்த்தையை சொல்லுதான்னு தெரிஞ்சுக்க ஒரு டெஸ்ட் கூட இல்ல. இங்கிலாந்துல 2012ல இருந்து ஆறு வயசு வாக்குல 40 வார்த்தை படிக்கச் சொல்லி ஒரு செக் வெக்கறாங்க, அதுல 20 நிஜம், 20 அர்த்தமே இல்லாத வார்த்தை, பொய் வார்த்தைக்கு பக்கத்துல ஒரு கற்பனை ஜந்து படம் இருக்கும், அது அந்த ஜந்தோட பேருன்னு குழந்தைக்கு சொல்லிடுவாங்க. நானும் அதே ஸ்டைல்ல நிம், பிஸ், டேன்டுன்னு எழுதி ஜந்து வரையச் சொல்லி விளையாடினேன். கிளாஸ்லயே வேகமா படிக்கறவன்னு நினைச்ச பையன் இதுல திணறினான், மெதுவா படிக்கற ரெண்டு பேரு அசால்ட்டா படிச்சுட்டுப் போயிட்டாங்க. யாருக்கு திரும்ப பிளெண்டிங், அதாவது சவுண்டுங்களை சேத்துப் படிக்கறது, சொல்லித் தர உக்காரணும்னு அன்னிக்குத்தான் தெளிவாச்சு.

பெட்டி மேல "முழுமையான ரீடிங் புரோகிராம்"னு போட்டிருக்கறதை மட்டும் நம்பாதீங்க. 1986ல கஃப், டன்மர்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க சொன்ன கணக்கு இன்னிக்கும் நிக்குது, எழுத்தைப் படிக்கற திறமையும் மொழியைக் கேட்டுப் புரிஞ்சுக்கற திறமையும் பெருக்கினாத்தான் படிச்சுப் புரிஞ்சுக்கறது வரும், ரெண்டுல ஒண்ணு சைபர்னா விடையும் சைபர். இந்த கிட் முதல் பாதிக்கு மட்டும்தான். நெட், வெட்னு கணீர்னு படிக்கற குழந்தைக்கு வெட்னா ஈரம்னு தெரியாம இருக்கும். அதனால தினமும் டீச்சர் வாய்விட்டு ஒரு நல்ல கதை படிச்சுக் காட்டறதை இதுக்காக குறைச்சுடாதீங்க.

என் மார்க் ஐந்துக்கு மூணரை, அந்த மூணரையில மூணு புத்தகத்துக்கு, அரை மேக்னட்டுக்கு. புத்தகம் மட்டும் தனி செட்டா கிடைக்குதான்னு முதல்ல கேளுங்க, கிடைச்சா பெரிய பெட்டி வாங்கவே வேணாம்.