இஜேபி-யை வெப் சர்வீஸாக்க: அனோடேஷன் போதுமா, டபிள்யூஎஸ்டிஎல் முதலில் வேண்டுமா?

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இஜேபி (சர்வரில் இயங்கும் ஜாவா கூறு, சுருக்கமாக பீன்) ஒன்றை, வேறு மொழியில் எழுதிய மென்பொருளும் சோப் (எக்ஸ்எம்எல் செய்தி நெறிமுறை) வழியாகக் கூப்பிட வேண்டும். இதற்கு இரண்டு வழிகள். ஸ்டேட்லெஸ் பீனின் (அழைப்புகளுக்கு இடையே எதையும் நினைவில் வைக்காத பீன்) மேல் @வெப்சர்வீஸ் என்று ஓர் அனோடேஷன் (நிரலில் ஒட்டும் குறிப்பு) போட்டுவிட்டு, டபிள்யூஎஸ்டிஎல்-ஐ (சேவையின் ஒப்பந்தத்தை விவரிக்கும் எக்ஸ்எம்எல் கோப்பு) சர்வரே உருவாக்கிக்கொள்ள விடுவது முதல் வழி. டபிள்யூஎஸ்டிஎல்-ஐயும் ஸ்கீமாவையும் (தரவு வகைகளின் வரையறை) நாமே முதலில் எழுதி, அதிலிருந்து கிடைக்கும் இன்டர்ஃபேஸுக்குத் தனியாக ஒரு முகப்பு பீன் (வெளியாரோடு பேசி, வேலையை உள்ளே இருக்கும் பீனிடம் கொடுப்பது) எழுதுவது இரண்டாவது. நான் முதல் வழியில் தொடங்கி இரண்டாவதற்கு மாறியவன்.

வேகத்தில் அனோடேஷனை மிஞ்ச முடியாது. 2003-ல் வந்த ஜே2இஇ 1.4 காலத்தில் மேப்பிங் கோப்பு, டிப்ளாய்மென்ட் கோப்பு என்று வரிசையாக எழுதியவர்களுக்கு, 2006-ல் ஜாவா இஇ 5 கொண்டுவந்த ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் (அனோடேஷன் வழி வெப் சர்வீஸ் எழுதும் ஜாவா தரநிலை) பெரிய விடுதலை. டிரான்ஸாக்ஷன், பயனர் உரிமை இரண்டும் எந்த வழியிலும் பீனோடு வந்துவிடும். தரநிலையிலும் வித்தியாசம் இல்லை. ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் இயல்பாகவே டாக்குமென்ட்/லிட்டரல் முறையில்தான் (செய்தியின் உள்ளடக்கம் ஸ்கீமாப்படியே இருக்கும்) பேசும். வெவ்வேறு மென்பொருள்கள் ஒத்துப்போவதற்கான டபிள்யூஎஸ்-ஐ பேசிக் ப்ரொஃபைல் விதிகள் ஏற்கும் முறைகளில் அதுவும் ஒன்று.

சிக்கல், நாளைக்கு நிரலை மாற்றும்போது வருகிறது. எங்கள் பில்லிங் பீனை ஒருநாள் வேறு பேக்கேஜுக்கு நகர்த்தினோம். வெறும் ஒழுங்குபடுத்தும் வேலை, லாஜிக்கில் ஒரு வரி மாறவில்லை. கம்பைல் ஆனது, யூனிட் டெஸ்ட் எல்லாம் பச்சை. ஏற்றிய சிறிது நேரத்தில் வெளியே இருந்த க்ளையன்ட்கள் ஒன்றுவிடாமல் பிழை வாங்க ஆரம்பித்தன. காரணம், நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் பேக்கேஜ் பெயரைத் தலைகீழாக்கித்தான் டார்கெட் நேம்ஸ்பேஸ் (செய்தியில் வரும் பெயர்கள் எந்தச் சேவைக்குரியவை என்று காட்டும் அடையாளம்) உண்டாக்கும். பேக்கேஜ் மாறியதும் நேம்ஸ்பேஸ் மாறியது. பழைய நேம்ஸ்பேஸில் வந்த கோரிக்கை எந்த மெத்தடுக்கு என்று சர்வருக்குப் புரியவில்லை.

நேம்ஸ்பேஸோடு முடிந்தால் பரவாயில்லை. மெத்தட் பெயரை மாற்றினால் ஆபரேஷன் பெயர் மாறும். பெயர் கொடுக்காத அளபுருக்கள் ஆர்க்0, ஆர்க்1 என்று வெளியே போகும். இரண்டும் ஒரே வகையாக இருந்து இடம் மாறினால் பிழைகூட வராது, தவறான மதிப்பு உள்ளே போய்விடும். என்டிட்டியை (டேட்டாபேஸ் பதிவைக் குறிக்கும் பொருள்) அப்படியே திருப்பி அனுப்பினால், எக்ஸ்எம்எல் ஆக்கும் நேரத்தில் டிரான்ஸாக்ஷன் முடிந்திருக்கும், லேஸியாக (தேவைப்படும்போதுதான் படிக்கும்படி) விட்ட பட்டியல் அங்கே வெடிக்கலாம். ஒவ்வொன்றையும் அடக்க ஓர் அனோடேஷன் உண்டு, உண்மைதான். ஆனால் அத்தனையும் போட்ட பிறகு, ஒப்பந்தத்தைத் துண்டு துண்டாக இருபது கிளாஸ்களுக்குள் எழுதியிருப்போம். அதை ஒரே கோப்பில் எழுதினால் எதிர்த்தரப்பும் படிக்கலாமே!

முகப்பு பீனுக்கும் செலவு உண்டு. ஸ்கீமா வகைகளிலிருந்து உள் வகைகளுக்கு மதிப்புகளை நகலெடுக்கும் நிரல் எழுதுவது சலிப்பான வேலை. டபிள்யூஎஸ்டிஎல்-இலிருந்து ஜாவா இன்டர்ஃபேஸ் உருவாக்கும் கருவியான டபிள்யூஎஸ்இம்போர்ட்டை ஜாவா 11-ல் ஜேடிகே-யிலிருந்து எடுத்துவிட்டதால், அதை பில்டில் தனியாகச் சேர்க்கவும் வேண்டும். ஆனால் உள்ளே பேக்கேஜை நகர்த்தலாம், பீனை இரண்டாக உடைக்கலாம், வெளியே ஒரு எழுத்து மாறாது. கோரிக்கையில் புதுப் புலம் வேண்டுமா? ஸ்கீமாவில் அதற்கு மின்அக்கர்ஸ் (குறைந்தது எத்தனை முறை வர வேண்டும்) பூஜ்ஜியம் என்று வைத்தால் பழைய க்ளையன்ட் பாட்டுக்கு ஓடும்.

இரு முனையும் ஒரே குழுவின் கையில், எப்போதும் சேர்த்தே வெளியாகிறது என்றால் அனோடேஷனே போதும். டபிள்யூஎஸ்-செக்யூரிட்டி (சோப் செய்திகளுக்கான பாதுகாப்புத் தரநிலை) போட்ட சேவைகளில் எனக்கு அனுபவம் குறைவு, அங்கே எது சுலபம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஏற்கெனவே முதல் வழியில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் கலைக்க வேண்டியதில்லை. நாங்கள் செய்தது இதுதான்: க்ளையன்ட்களிடம் இருந்த பழைய டபிள்யூஎஸ்டிஎல்-ஐ அப்படியே ரெப்பாசிட்டரியில் போட்டோம், அதிலிருந்து இன்டர்ஃபேஸ் எடுத்தோம், முகப்பு பீன் எழுதி, @வெப்சர்வீஸின் டபிள்யூஎஸ்டிஎல்-லொகேஷனை அந்தக் கோப்புக்குக் காட்டினோம். க்ளையன்ட் பக்கம் யாரும் எதையும் தொடவில்லை.